பெல்லட்டை எடைவாரியாகப் பிரிக்கும் முன் தராசைச் சோதியுங்கள்: மலையில் ஏர் ரைபிள் சுடுபவர்களுக்கு

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு நீளமான தகரக் கொட்டகை இருக்கிறது. ஒரு காலத்தில் உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கி வைத்த இடம். இப்போது அதில்தான் அக்கா மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள் பயிற்சி செய்கிறாள். பள்ளி அளவுப் போட்டிகளைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் போகும்போதுதான் ஒரு பிரச்சினை தெரிய ஆரம்பித்தது. மூச்சு, பிடி, ட்ரிகர் எல்லாம் சரியாக இருந்த ஷாட், அவளே "மாமா, இது நிச்சயம் பத்துதான்" என்று சொன்ன ஷாட், 9.7-இல் போய் நிற்கும். அது மேலேயோ கீழேயோதான் விலகுமே தவிர, பக்கவாட்டில் அவ்வளவாக விலகாது. மேல் கீழாக மட்டும் சிதறுகிறது என்றால் முதலில் வேகத்தைச் சந்தேகிக்க வேண்டும், வேகம் மாறுகிறது என்றால் பெல்லட்டின், அதாவது ஏர் ரைபிளில் போடும் சின்ன ஈயக் குண்டின், எடையையும் பின்னால் தள்ளும் காற்றையும் பார்க்க வேண்டும். அந்த இரண்டையும் சீராக்க நாங்கள் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். அமெரிக்கா போன்ற நாடுகளில் வீட்டிலேயே காலித் தோட்டாவில் வெடிமருந்து நிரப்பிச் சுடுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஒவ்வொரு தோட்டாவிலும் மருந்தை ஒரே எடையில் போடுவது பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அதைப் படித்துவிட்டு இங்கே யாரும் முயற்சி செய்ய வேண்டாம். இந்திய ஆயுதச் சட்டம் 1959-இன்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். நீலகிரியில் அந்த மருந்து தயாராகும் இடம் அரவங்காட்டுக் கார்டைட் பேக்டரி, நூறாண்டுக்கும் மேலாக அங்கே அந்த வேலை நடக்கிறது, அது அங்கேயே நடக்கட்டும். ஆனால் மருந்து எடை போடுபவர்கள் கற்றுவைத்திருக்கும் ஒழுங்கு, அதாவது தராசை நம்பாமல் சோதிப்பது, ஒரே அளவைத் திரும்பத் திரும்ப எடுப்பது, எல்லாவற்றையும் குறித்து வைப்பது, இது நம் பெல்லட்டுக்கு அப்படியே பொருந்தும்.

ஏர் ரைபிளைப் பொறுத்தவரை, குழாய் விட்டம் 4.5 மி.மீ.-க்கு மிகாமலும் சக்தி 20 ஜூலுக்கு மிகாமலும் இருந்தால் ஆயுத விதிகள் 2016-இன்படி உரிமம் தேவையில்லை. போட்டித் துப்பாக்கிகள் 7, 8 ஜூலில்தான் சுடும், அதனால் அந்தக் கவலை இல்லை. ஆனால் மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சட்டமும் இருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972. முதுமலை, முக்குருத்தி போன்ற இடங்களுக்குள் அனுமதி இல்லாமல் எந்த ஆயுதத்தோடும் நுழையக் கூடாது, டிக்கியில் ஏர்கன் கிடந்தாலும் பதில் சொல்ல வேண்டிவரும். போட்டிக்குப் போகிற வழியில் மசினகுடிப் பக்கம் சுற்றிவிட்டுப் போகலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். பறவை, மலை அணில் மேல் குறி வைக்கும் பிள்ளையிடம் இருந்து துப்பாக்கியை அன்றே வாங்கி வைத்துவிடுவது நல்லது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

எடை எவ்வளவு மாறினால் எவ்வளவு விலகும்? இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் தராசு வாங்கப் போகாதீர்கள். போட்டி ரைபிளுக்கான தட்டைத் தலைப் பெல்லட் ஏறக்குறைய 0.53 கிராம், அதாவது 530 மில்லிகிராம். அது விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டரைக் கடக்க விநாடியில் நூற்றில் ஆறு பங்கு நேரம் ஆகும், அந்த நேரத்துக்குள் புவியீர்ப்பு அதை 17, 18 மில்லிமீட்டர் கீழே இழுத்துவிடும். துப்பாக்கியில் குறிபார்க்கும் சைட்டைத் திருகி வைத்திருப்பதால் அந்த இறக்கம் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் பெல்லட் ஒரு சதவீதம் கனமாக இருந்தால், அதே காற்று அதே அளவு தள்ளும்போது வேகம் அரைச் சதவீதம் குறையும், இறக்கம் ஒரு சதவீதம் கூடும். ஒரு சதவீதம் என்றால் 5 மில்லிகிராம், இறக்கத்தில் 0.17 மி.மீ. அளவு. இலக்கு அட்டையில் 0.1 புள்ளி என்பது 0.25 மி.மீ. ஆக 10 மில்லிகிராம் வித்தியாசம் உள்ள இரண்டு பெல்லட்டுகள், ஒரே குறியில் சுட்டாலும், 0.1 புள்ளிக்கும் அதிகமாக விலகி விழும்.

0.1 புள்ளிக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்களுக்கு: பாரிஸ் ஒலிம்பிக் 2024-இல், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் தகுதிச் சுற்றில் 630.7 எடுத்தார், 10-ஆம் இடம். இறுதிச் சுற்றில் 8 பேருக்குத்தான் இடம். அதே சுற்றில் 5-ஆம் இடம் பிடித்த ரமிதா ஜிண்டால் எடுத்தது 631.5. 60 ஷாட் முடிந்த பிறகு இருவருக்கும் இடையில் 0.8 புள்ளிதான். அந்த மட்டத்தில் பெல்லட், காற்று எல்லாம் ஏற்கெனவே சீராக்கப்பட்டிருக்கும், நான் சொல்ல வருவது புள்ளிகள் எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்பதைத்தான்.

இப்போது தராசு. இங்கேதான் நான் ஒரு மழைக்காலம் முழுவதையும் வீணாக்கினேன். நகை எடை பார்க்கும் சின்னத் தராசு ஒன்று வீட்டில் இருந்தது, 0.01 கிராம் வரை காட்டும். அதை வைத்துக்கொண்டு 500 பெல்லட் உள்ள டின்னைப் பொறுமையாக 0.52, 0.53, 0.54 என்று மூன்று டப்பாவாகப் பிரித்தேன். இலக்கில் ஒரு முன்னேற்றமும் இல்லை. சந்தேகப்பட்டு அதே பெல்லட்டுகளை மறுநாள் எடை பார்த்தால், பாதிக்கு மேல் வேறு டப்பாவுக்குப் போயின. அந்தத் தராசின் ஒரு படி 10 மில்லிகிராம், நான் தேடிய வித்தியாசமோ 5 மில்லிகிராம். அடி கோலை வைத்துக்கொண்டு நூலின் தடிமனை அளந்த மாதிரி.

அதனால் 0.001 கிராம், அதாவது ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசு வேண்டும். 20 கிராம் அல்லது 50 கிராம் வரை தாங்கும் சிறிய தராசு போதும், ஆய்வகத் தராசு தேவையில்லை. ஆனால் இந்தச் சின்னத் தராசுகள் எல்லாம் நல்ல சூழ்நிலையில்தான் உண்மை பேசும், மலை வீட்டில் அந்தச் சூழ்நிலையை நாம்தான் உருவாக்க வேண்டும்.

குளிர் முதல் எதிரி. டிசம்பர் காலையில் பீரோவிலிருந்து தராசை எடுத்து நேராக அடுப்பங்கரையில் வைத்தால், அது சூடேற ஏற எண்ணும் நகர்ந்துகொண்டே இருக்கும். எடை போடப் போகும் அறையிலேயே அரை மணி நேரமாவது வைத்திருங்கள், அப்புறம் ஆன் செய்து கால் மணி நேரம் சும்மா விடுங்கள். தானாக அணைந்துவிடும் தராசாக இருந்தால் நடுநடுவே தட்டி எழுப்புங்கள். குளிரில் பேட்டரியும் சீக்கிரம் சோர்ந்துவிடும், எண் காரணமில்லாமல் அலைந்தால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது தரை. பழைய பங்களாக்களிலும் எஸ்டேட் வீடுகளிலும் மரப்பலகைத் தரை இருக்கும், பக்கத்து அறையில் ஒருவர் நடந்தாலே எண் துள்ளும். தகரக் கூரையில் மழை அடித்தாலும் அப்படித்தான். சுவரோடு சேர்ந்த சிமெண்ட் திட்டு, சமையலறைக் கல்மேடை, இல்லையென்றால் தரையோடு கிடக்கும் அம்மிக்கல், இவற்றில் ஒன்றுதான் நல்ல இடம். எங்கள் வீட்டில் அம்மிக்கல்லின் மேல் ஒரு கண்ணாடித் துண்டை மட்டம் பார்த்து வைத்து, அதன் மேல் தராசு வைக்கிறோம். ஃபிரிட்ஜ் பக்கத்தில் வேண்டாம், கைபேசியையும் தள்ளி வையுங்கள்.

காற்று. ஜன்னலை மூடுங்கள், தராசின் மூடியை மூடிய பிறகுதான் எண்ணைப் படியுங்கள். மூடி இல்லாத தராசு என்றால் ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து மறையுங்கள். நாம் விடும் மூச்சே 2, 3 மில்லிகிராம் ஆட்டம் காட்டும்.

ஜனவரி, பிப்ரவரியில் இன்னொன்று சேரும். உறைபனிக் காலத்தில் பகலில் காற்று வறண்டு கிடக்கும், எல்லோரும் கம்பளி ஸ்வெட்டரில் இருப்போம். ஸ்வெட்டர் கையை பிளாஸ்டிக் தட்டுப் பக்கம் கொண்டுபோனால் நிலைமின்சாரம் ஏறி, எண் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். கையை மடித்துவிட்டுக்கொள்ளுங்கள், உட்காரும் முன் இரும்புத் தண்ணீர்க் குழாயைத் தொடுங்கள், பிளாஸ்டிக் தட்டுக்குப் பதில் சிறிய அலுமினியக் கிண்ணம் வையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் பெல்லட் டின்னைத் திறக்காதீர்கள். தராசோடு வந்த படிக்கல்லை வைத்து, விரலால் தொடாமல் இடுக்கியால் எடுத்து, தராசைச் சரிப்படுத்துங்கள். பிறகு ஒரே ஒரு பெல்லட்டை எடுத்து, அதையே 20 முறை எடை போடுங்கள். வையுங்கள், எண்ணைக் குறியுங்கள், எடுங்கள், பூஜ்ஜியம் வருகிறதா பாருங்கள், மறுபடி வையுங்கள். 20 எண்களில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் தராசின் உண்மையான நேர்மை. எங்களுக்கு முதல் நாள் 7 மில்லிகிராம் வந்தது, இடத்தை மாற்றி, சூடேற விட்டு, மூடி வைத்த பிறகு 2-க்கு இறங்கியது. ஒரே பெல்லட்டிலேயே 7 மில்லிகிராம் அலையும் தராசை வைத்துக்கொண்டு 5 மில்லிகிராம் வித்தியாசத்தைப் பிரிக்க முடியாது, அப்படிப் பிரித்த டப்பாக்களுக்கு எந்த அர்த்தமும் இல்லை. இந்த 20 முறைச் சோதனையைச் செய்யாமல் யாராவது "நான் பெல்லட் பிரித்துத்தான் சுடுகிறேன்" என்றால், நான் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொரு நுட்பம். பல மலிவுத் தராசுகள் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது சின்னச் சின்ன மாற்றங்களைத் தானாகவே விழுங்கிவிட்டு 0.000 என்று காட்டிக்கொண்டிருக்கும். தட்டில் தூசு விழுந்தாலும், எண் நகர்ந்தாலும் நமக்குத் தெரியாது. இதற்கு வழி, 10 கிராம் படிக்கல்லைத் தட்டிலேயே நிரந்தரமாக வைத்துவிட்டு, எண்ணைப் பூஜ்ஜியமாக்கும் டேர் பட்டனை அழுத்தாமல், 10.530, 10.527 என்று படிப்பதுதான். படிக்கல் மட்டும் இருக்கும்போது 10.000 காட்டுகிறதா என்று ஒவ்வொரு முறையும் கண்ணுக்கு முன்னால் தெரியும்.

அந்தக் காலத்தில் நகை ஆசாரிகள் குன்றிமணியை வைத்துப் பொன் எடை போட்டார்கள், இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்று கணக்கு. நாங்களும் அதே மாதிரி ஒரு பெல்லட்டை எங்கள் குன்றிமணியாக வைத்திருக்கிறோம். அதன் தலையில் நகப்பூச்சு ஒரு பொட்டு, காய்ந்த பிறகு எடை போட்டு எழுதிவைத்துவிட்டோம். 20 பெல்லட்டுக்கு ஒரு முறை அதைத் தட்டில் வைப்போம். அதே எண் வந்தால் தொடரலாம். 2 மில்லிகிராமுக்கு மேல் மாறியிருந்தால், கடைசி 20-ஐயும் திரும்ப எடை போட வேண்டும். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் செய்யுங்கள்.

பிரிப்பது எளிது. டின்னை ஒரு மெத்தென்ற துணி மேல் மெதுவாகச் சாயுங்கள், உயரத்திலிருந்து கொட்டினால் பின்விளிம்பு நசுங்கும். முதலில் கண்ணால் பார்ப்பது, அதற்கப்புறம்தான் தராசு. பின்விளிம்பு வளைந்தது, தலையில் வெட்டு உள்ளது, உள்ளே ஈயத்துருவல் ஒட்டியது, இவற்றையெல்லாம் எடை போடாமலே ஒதுக்கிவிடுங்கள். சொல்லப்போனால் நசுங்கிய பின்விளிம்பு, 5 மில்லிகிராம் வித்தியாசத்தைவிடப் பெரிய கெடுதல் செய்யும், ஏனென்றால் காற்றைப் பிடித்து அடைப்பதே அந்த விளிம்புதான். மீதியை எடை போட்டு, தராசின் அலைச்சலைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாத அகலத்தில் டப்பா பிரியுங்கள். எங்கள் தராசு 2 மில்லிகிராம் அலைகிறது, அதனால் ஒவ்வொரு டப்பாவும் 4 மில்லிகிராம் அகலம். நல்ல போட்டிப் பெல்லட் என்றால் பெரும்பாலானவை நடுவில் உள்ள இரண்டு டப்பாவில் விழும். ஓரங்களில் விழுபவை வீண் இல்லை, பிடிப்பயிற்சிக்கும் துப்பாக்கியைச் சூடாக்கவும் ஆகும்.

முழு டின்னையும் பிரிக்க வேண்டியதில்லை. போட்டிக்கு 60 ஷாட், முன்னால் குறி சரிபார்க்கச் சுடுவது 15, 20. ஆக 80 பெல்லட் ஒரே டப்பாவிலிருந்து கிடைத்தால் போதும். தினப் பயிற்சிக்கு அதே தயாரிப்பு எண்ணில் வந்த டின்னிலிருந்து பிரிக்காததைச் சுடலாம். பிள்ளைகளைத் தினமும் தராசு முன்னால் உட்காரவைத்தால் சுடுவதில் உள்ள ஆசையே போய்விடும்.

எடையைவிட முக்கியமானது தலையின் விட்டம். ஒரே பெல்லட் 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று பல அளவில் வரும், எது உங்கள் குழாய்க்குப் பிடிக்கும் என்பதைச் சுட்டுத்தான் பார்க்க முடியும், வேறு குறுக்குவழி இல்லை. தெரிந்தவர்களிடம் அளவுக்கு இருபது என்று வாங்கி, மணல் மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்து, ஒவ்வொரு அளவிலும் 5 ஷாட்டாக நான்கு அட்டை சுடுங்கள். நான்கிலும் இறுக்கமாக விழும் அளவே உங்களுடையது. ஒரே ஒரு அட்டை நன்றாக வந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். அளவு தெரிந்ததும், டின்னில் அச்சிட்ட தயாரிப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் எத்தனை டின் கிடைக்கிறதோ அத்தனையும் வாங்கி வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

வாங்கி வைத்ததை எங்கே வைப்பது என்பது மலையில் பெரிய கேள்வி. ஜூன், ஜூலையில் கூடலூர், ஊட்டிப் பக்கம் தென்மேற்கு மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை. எந்தப் பக்கம் இருந்தாலும் மூடுபனி அலமாரிக்குள்ளேயே வந்துவிடும். ஈயம் அந்த ஈரத்தில் வெள்ளையாகப் பூக்கும். அதிலும் மர அலமாரி, மரப்பெட்டி இன்னும் மோசம், மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், இரும்பு பீரோவில் மேல் தட்டு, இது போதும். வெள்ளை பூத்த பெல்லட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து சுட நினைக்காதீர்கள், எடையும் விட்டமும் மாறியிருக்கும், அந்தத் தூள் நஞ்சு, மூச்சில் போகக் கூடாது.

அடுத்தது பெல்லட்டைத் தள்ளும் காற்று. எடையை இவ்வளவு சீராக்கிவிட்டு இதை விட்டால் பயனில்லை, வேகம் ஒரு சதவீதம் மாறினாலே 0.35 மி.மீ. விலகும், அது 10 மில்லிகிராம் எடை வித்தியாசத்துக்குச் சமம். வேகம் அளக்கும் குரோனோகிராப் ஒன்றை நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். பிரித்த பெல்லட்டில் 10 ஷாட் சுட்டு, அதிக வேகத்துக்கும் குறைந்த வேகத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள, சிலிண்டரில் அழுத்தி அடைத்த காற்றால் சுடும் துப்பாக்கியில் அது விநாடிக்கு 2, 3 மீட்டருக்குள் இருக்க வேண்டும். முதல் ஷாட் மட்டும் எப்போதும் வேகமாக, அல்லது எப்போதும் மெதுவாக வந்தால், துப்பாக்கி சும்மா இருந்த நேரத்தில் காற்றின் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரில் அழுத்தம் மெல்ல மாறுகிறது என்று அர்த்தம். அதை வீட்டில் பிரிக்காதீர்கள், தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். அது வரைக்கும், நீண்ட இடைவெளி விட்டால் ஒரு ஷாட் காற்றை மட்டும் வெளியேற்றிவிட்டு அப்புறம் பெல்லட் போடுங்கள்.

மலையில் சிலிண்டர் நிரப்புபவர்கள் கவனிக்க வேண்டியது ஈரம். பலரிடமும் கைப்பம்புதான் இருக்கிறது. 200 மில்லி சிலிண்டரை 200 பார் (காற்றழுத்த அலகு) வரை நிரப்ப வேண்டுமென்றால் குறைந்தது 40 லிட்டர் காற்றை உள்ளே அழுத்த வேண்டும். மூடுபனி சூழ்ந்த 15 டிகிரிக் காற்றில் லிட்டருக்கு 12, 13 மில்லிகிராம் நீராவி இருக்கும். கணக்குப் போட்டால் ஒரு முறை நிரப்பும்போது குறைந்தது அரை கிராம் தண்ணீர் வருகிறது, ஏறக்குறைய ஒரு பெல்லட்டின் எடை! அதில் ஒரு பகுதி பம்பிலேயே தங்கினாலும் மீதி சிலிண்டருக்குள் போய் உள்சுவரை அரிக்கும், ரெகுலேட்டரைக் கெடுக்கும். அதனால் பனி இறங்கிய மாலையில் பம்பு அடிக்காதீர்கள். வெயில் அடிக்கும் மதியம் அடியுங்கள், காற்றை உலர்த்தும் வடிகட்டி மாட்டுங்கள், அதற்குள் இருக்கும் சிலிக்கா மணிகள் நிறம் மாறினால் மாற்றுங்கள், 50 தடவை பம்பு அடித்ததும் ஒரு முறை பம்பின் காற்றுத் திருகைத் திறந்து ஈரத்தை வெளியே விட்டு, அது ஆறும் வரை காத்திருங்கள். மருத்துவமனை ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்பக் கூடாது. உள்ளே இருக்கும் எண்ணெயோடு அழுத்தமான ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும். சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள், தயாரிப்பாளர் சொன்ன காலம் தாண்டியிருந்தால் வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் உபயோகிக்க வேண்டாம்.

மலையிலிருந்து போட்டிக்குக் கீழே போகும்போது இன்னொரு விஷயம். ஊட்டியில் 10 டிகிரியில் 200 பார் நிரப்பிய சிலிண்டர், கோயம்புத்தூரில் 35 டிகிரியில் 218 பார் காட்டும். 200-க்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருக்கும் சிலிண்டரில் அது ஆபத்து, அதுவும் வெயிலில் நிற்கும் காருக்குள் இன்னும் ஏறும். 160, 170 பாரோடு இறங்கி, கீழே போய் நிரப்பிக்கொள்ளுங்கள். இலக்கிலும் வித்தியாசம் தெரியும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். கீழே அடர்ந்த காற்று பெல்லட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தடுப்பதால் ஷாட் சற்றுக் கீழே விழும். குறி சரிபார்க்கும் ஷாட்டுகளில் இதைத் திருகிச் சரிசெய்ய வேண்டும், பிடி தவறிவிட்டது என்று பிள்ளை பதறாமல் இருக்க முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஸ்பிரிங் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு. அது சுற்றியுள்ள காற்றையே இழுத்து அழுத்துவதால் மலையில் சக்தி கொஞ்சம் குறைவாகவும், சமவெளியில் கூடுதலாகவும் இருக்கும். குளிரில் உள்ளே உள்ள கிரீஸ் இறுகி முதல் ஷாட்டுகள் மெதுவாகப் போகும், பத்துப் பன்னிரண்டு ஷாட் சுட்ட பிறகே கணக்கை ஆரம்பியுங்கள். காற்றறைக்குள் எண்ணெய் விடாதீர்கள், அழுத்தத்தில் அது தீப்பற்றிப் புகையோடு வேகம் தாறுமாறாகும். மணல் மூட்டை மேல் நேராக வைத்துச் சுட்டாலும் குதிக்கும், மூட்டையின் மேல் உள்ளங்கையை விரித்து, அதில் துப்பாக்கியை லேசாக உட்காரவைத்துச் சுடுங்கள்.

பெல்லட்டைக் குழாயில் செருகும் விதமும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒரு முறை அழுத்தி, ஒரு முறை தொட்டும் தொடாமலும் வைத்தால் அது வேகத்தில் தெரியும். அக்கா மகள் கட்டைவிரல் நகத்தை மேலே திருப்பி, விரல் சதையால் ஒரே அழுத்தம் கொடுக்கப் பழகியிருக்கிறாள்.

ஈயம் தொட்ட கையோடு பஜ்ஜி, டீ எல்லாம் கூடாது. குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் போதும், ஆனால் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். பெல்லட் பிரித்த துணியை வீட்டுத் துணியோடு துவைக்காதீர்கள், சின்னக் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த மேடைப் பக்கமே விடாதீர்கள். இலக்குக்குப் பின்னால் உள்ள பெட்டியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். சுடும்போது கண்ணாடி அணியுங்கள், பின்னால் கல் சுவர் இருக்கிறதா, அந்தப் பக்கம் யாராவது வர வழி இருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பாருங்கள்.

கடைசியாக ஒரு நோட்டு. தேதி, அறையின் வெப்பநிலை, டின்னின் தயாரிப்பு எண், எந்த டப்பா, சிலிண்டர் அழுத்தம் தொடக்கத்திலும் முடிவிலும், குரோனோகிராப் எண்கள், புள்ளிகள். எங்கள் நோட்டில் பழைய பக்கங்களையும் புதிய பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மேல் கீழ்ச் சிதறல் பாதியாகக் குறைந்திருக்கிறது, பக்கவாட்டுச் சிதறல் அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கவாட்டுச் சிதறல் பெல்லட்டாலும் காற்றாலும் வருவதில்லை, அவள் ட்ரிகர் இழுப்பதில் இருக்கிறது. இப்போது தினமும் அரை மணி நேரம் பெல்லட் இல்லாமல் வெறும் ட்ரிகர் பயிற்சி செய்கிறாள்.